முதலில் இரும்பு வேலை முடியட்டும், மலர்

திருச்சி

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். படகின் தகட்டுக் கனத்தை அளந்து கொடுத்த சர்வே ரிப்போர்ட்டை நீ அனுப்பியிருந்தாய். அதையும், படகுக்குள் எது எங்கே வரும் என்று நீயும் மாப்பிள்ளையும் வரைந்த படத்தையும் நிதானமாகப் பார்த்தேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

இங்கிலாந்துக் கால்வாயில் பழைய இரும்புப் படகைச் சரிசெய்து அதிலேயே குடியிருப்பது என்ற உங்கள் முடிவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அம்மாதான் ‘வீடு வாங்குகிற வயசில் படகா’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துவாக்குடிப் பக்கம் வேலைக்காலம் முழுக்க பாய்லர் பிளேட்டோடு பழகியவன் நான். போன கோடையில் டார்டிபிக் லாக்குகளுக்கு (கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) கூட்டிப்போனாயே, அங்கே 1970களில் கட்டிய படகுகள் இன்னும் ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். இரும்பு அவ்வளவு காலம் தாங்கும். அதற்கு நாம் வழி விட வேண்டும்.

உன் படத்தில் சமையலறை, கட்டில், புத்தக அலமாரி எல்லாம் அளவோடு இருக்கின்றன. அடித்தகடு மட்டும் ஒரு வெறும் கோடு. நானாக இருந்தால் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

ரிப்போர்ட்டில் 6/5/4 என்று போட்டிருக்கிறது. கட்டும்போது அடித்தகடு 6 எம்எம், பக்கத் தகடு 5, மேலே கேபின் 4 என்று அர்த்தம். இப்போது புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் 10/6/4 போடுகிறார்கள். உங்கள் படகில் இடது பக்கம், பின்பாதியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி 3.1, 3.3 என்று அளவு வந்திருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாக 4 எம்எம்முக்குக் குறையக் கூடாது என்பார்கள். மற்ற இடமெல்லாம் நாலரைக்கு மேல் இருக்கிறதே, சராசரி பரவாயில்லையே என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். பிளேட்டில் சராசரி பார்க்கக் கூடாதம்மா. எது மிக ஆழமான குழியோ, தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

இன்னொன்று. அந்த அல்ட்ராசோனிக் கேஜின் முனை தட்டையானது. ஒலியை உள்ளே அனுப்பி, தகட்டின் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கனத்தைச் சொல்லும். சின்னக் குழி இருந்தால் முனை அதன் மேல் பாலம் போட்டதுபோல் உட்கார்ந்துவிடும், குழியின் அடிக்கு இறங்காது. ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு நிற்காமல், படகு தண்ணீரிலிருந்து மேலே ஏறியதும் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். கருப்புப் பூச்சில் கொப்புளம் மாதிரி எழும்பி இருக்கும் இடத்தை சிப்பிங் சுத்தியால் மெல்லத் தட்டினால் உடைந்து, உள்ளிருந்து கருப்பான சகதி வரும். அதைத் துடைத்துவிட்டுப் பார். அடியில் வழக்கமான செந்துரு இல்லாமல், தேய்த்து வைத்த பாத்திரம் போல் பளபளவென்று ஒரு குழி தெரிந்தால் அது பாக்டீரியா அரித்தது. அதன் மேல் அப்படியே பெயிண்ட் அடித்தால் உள்ளே வேலை தொடரும். நல்ல தண்ணீரைப் பிரஷரில் அடித்துக் கழுவி, கிருமி சாக மருந்து போட்டு, மறுபடி கழுவி, காய்ந்த பிறகுதான் பூச்சு. குழியின் ஆழத்தை பிட் கேஜ் வைத்து அளந்து, தகட்டிலேயே சாக்பீஸால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு.

இப்போது முக்கியமான பேச்சுக்கு வருகிறேன். படகு பழுதுபார்க்கும் யார்டில் ‘ஓவர்பிளேட்டிங்’ பண்ணிவிடலாம் என்கிறார்களாம். பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஓரம் சுற்றி வெல்டு அடிப்பது. இது தப்பான முறை என்று சொல்ல மாட்டேன். உள்ளே மரவேலையோடு முழு வீடு இருக்கும் படகுக்கு வேறு சுலபமான வழி இல்லை. ஆனால் நீங்கள்தான் உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் போடப்போகிறீர்களே! இரு பக்கமும் கை எட்டும். இந்த வாய்ப்பு இன்னும் இருபது வருஷத்துக்குக் கிடைக்காது. மெலிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் புது 6 எம்எம் பிளேட்டைப் பொருத்துவதுதான் சரியான வேலை. இரண்டு தகட்டுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. ஒற்றைத் தகடு எதையும் மறைக்காது.

எடைக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஒரு சதுர மீட்டர் இரும்பு, ஒரு எம்எம் கனத்துக்கு 7.85 கிலோ. உங்கள் படகு 57 அடி, அதாவது ஏறக்குறைய பதினேழரை மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் அரை மீட்டர் அகலத்துக்கு 5 எம்எம் ஓவர்பிளேட் போட்டால் ஏறக்குறைய 680 கிலோ கூடும். உங்கள் படகு ஒரு செ.மீ. அமிழ 300 கிலோ போதும் என்று என் கணக்கு. அப்படியானால் இரண்டு செ.மீ.க்கு மேல் இறங்கும். படகின் பக்கச் சுவரில் உள்ள துளைகள் எல்லாம் தண்ணீருக்கு அவ்வளவு கிட்டே வரும். அகலத்தையும் மறந்துவிடாதே. 1766இல் ட்ரென்ட்-மெர்சி கால்வாயை வெட்டத் தொடங்கிய ஜேம்ஸ் பிரின்ட்லி, லாக்கின் அகலத்தை ஏழு அடி அளவில் வைத்தார். அதனால்தான் இன்றைக்கும் உங்கள் படகு 6 அடி 10 அங்குலம். பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் இடைவெளி. பழைய லாக்குகளில் சில இடங்களில் சுவர் உள்நோக்கித் தள்ளியும் இருக்கும். அந்த ஓர் அங்குலத்தில் தகட்டை ஒட்டி விளையாட வேண்டாம்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெல்டிங்கை சர்டிபிகேட் உள்ள வெல்டர்தான் செய்ய வேண்டும். அது நீ வேலை கற்றுக்கொள்ளும் இடம் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார். வெட்டும் மூலைகளை வளைவாக வெட்டச் சொல், கூர்மூலையில் விரிசல் பிடிக்கும். ஒரு ஓரத்திலிருந்து ஒரே இழுப்பாக அடித்துக்கொண்டு போனால் 6 எம்எம் தகடு சூட்டில் நெளிந்துவிடும். முதலில் அங்கங்கே சின்னதாகப் பற்றவைத்து டேக் போட்டு, அப்புறம் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் எதிர்ப்பக்கம் என்று விட்டுவிட்டு அடிக்க வேண்டும். அவசரப்படுகிற ஆளாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது உள்ளே காலி பண்ணுவது. முழுதாக. தரைப் பலகையைத் தூக்கினால் கீழே எடைக்காகச் செங்கல்லோ சிமென்ட் பலகையோ அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, எடை போட்டு வையுங்கள். திரும்ப வைக்கும்போது அடித்தகட்டில் நேராகப் படாமல் கீழே காற்றுப்போக இடம் விட்டு வைக்க வேண்டும். குளிர் தடுக்க அடித்த பழைய பாலியூரித்தேன் நுரை சுவரில் ஒட்டியிருக்கும். வெல்டு அடிக்கும் இடத்தைச் சுற்றி அதைத் தாராளமாகச் சுரண்டி எடுத்தாக வேண்டும். வெளியே வெல்டிங் டார்ச் எரியும்போது உள்ளே நுரை தீப்பிடித்துக்கொண்டால் வரும் புகை ஆளைக் கொல்லும். கேஸ் சிலிண்டர் படகிலேயே இருக்கக் கூடாது. வெல்டிங் நடக்கும் நேரம் முழுக்க உள்ளே ஒருவர் தண்ணீரும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். முடிந்த பிறகும் உடனே டீ குடிக்கப் போய்விடாமல் அங்கேயே இருக்க வேண்டும். இதில் மட்டும் அப்பா பேச்சைத் தட்டாதே.

பாரேன், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. வெல்டிங் முடிந்து, உள்பக்கம் பிரைமர் அடித்து, தரை மரத்தைப் பிடிக்கும் கிளீட், பைப் பிராக்கெட், அலமாரிக்கான பட்டி எல்லாம் பற்றவைத்த பிறகுதான் நுரை. நுரைக்குப் பிறகு வயர். வயருக்குப் பிறகு பிளைவுட். நுரை அடித்த பின் ‘இங்கே ஒரு பிராக்கெட் விட்டுப்போச்சு’ என்று டார்ச்சைத் தூக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், உன் உள்ளமைப்புப் படம் இப்போதே முடிவாக வேண்டும். ஆனால் அதற்கான சாமான்களை இப்போது வாங்க வேண்டாம். அந்த ஓக் சமையல் மேடைக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் தகட்டுக்குக் கொடு.

நுரை இல்லாமல் தெர்மாக்கோல் ஷீட் இருந்தால் பழைய வயர்களை ஒன்றுவிடாமல் மாற்று. பிவிசி உறை தெர்மாக்கோலைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் காலப்போக்கில் விறைத்து உடையும்.

வயரைப் பற்றி உனக்குத் தனியாகப் பாடம் வேண்டாம், எலக்ட்ரிக்கல் படித்தவள் நீ. ஆனாலும் ஒரு கணக்கு. பேட்டரி பின்னால், ஃப்ரிட்ஜ் முன்னால், போக வர 30 மீட்டர். 2.5 சதுர எம்எம் வயரில் 5 ஆம்பியர் போனால் ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் அது ஒன்றுமில்லை. 12 வோல்ட்டில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். 16 சதுர எம்எம் போட்டால் 0.16 வோல்ட்தான் இழப்பு. இல்லையென்றால் சமையலறையைப் பின்பக்கம் கொண்டுவா. எனக்கு இரண்டாவது யோசனைதான் பிடித்திருக்கிறது. மிக்ஸி ஓட்டினாலே இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் இழுக்கும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் அடுத்தடுத்து இருக்கட்டும்.

இடத்தைப் பற்றி நீ கவலைப்பட்டாய். உள்ளே ஆறடி அகலம்கூட முழுதாகக் கிடைக்காது, அதுவும் மேலே போகப் போகச் சுவர் உள்ளே சாய்ந்து வரும், பாலத்தின் வளைவில் இடிக்காமல் இருக்க. எல்ஸ்மியர் போர்ட் மியூசியத்தில் சரக்குப் படகின் பின் கேபினைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? பத்தடி நீளத்துக்குள் ஒரு குடும்பமே வாழ்ந்திருக்கிறது. அலமாரிக் கதவைக் கீழே மடித்தால் அதுவே சாப்பாட்டு மேசை. அதன் உட்பக்கத்தில்கூடப் பூ வரைந்திருந்தார்கள். கட்டில் குறுக்கே விரியும், பகலில் மடங்கிப் பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெண்கள் பத்தடியில் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். உனக்குக் கிட்டத்தட்ட நாற்பதடி இருக்கிறது. ஒரு கீல் போட்டால் இரண்டு வேலை செய்யும் சாமான் எது எது என்று யோசித்து வரை. கனமான அடுப்பும் மேடையும் ஒரே பக்கம் வந்தால் படகு சாயும் என்பதையும் பார்த்துக்கொள். தண்ணீர்த் தொட்டி முன்னால் இருப்பதால் நிரம்பும்போதும் தீரும்போதும் மூக்கு ஏறி இறங்கும். அது இயல்பு.

பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து மிதப்பதால் எந்தக் கசிவும் கேபினின் பின்கோடியில் வந்து சேரும். அங்கே தரைப் பலகையில் ஒரு சின்ன மூடி வெட்டிவிடு. மாதம் ஒரு தடவை திறந்து கை விட்டுப் பார்த்தால் போதும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. தகட்டுக்குப் பதில் தான் அரிந்துபோகும் ஆனோடு கட்ட வேண்டும். நல்ல தண்ணீரில் துத்தநாக ஆனோடு வேலைக்காகாது, மெக்னீசியம்தான். அதன் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. கரையிலிருந்து கரண்ட் எடுக்கும் நாளில் எர்த் வயர் வழியாகப் பக்கத்துப் படகு உங்கள் தகட்டைத் தின்னும், அந்த அரிப்பைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் கட்டாயம் போடுங்கள். வெளிப்பூச்சு பிட்டுமன் (தார்) என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேலே ஏற்ற வேண்டும், எபாக்ஸி கூடுதல் நாள் நிற்கும். அடித்தகட்டின் அடிப்பக்கத்தைப் பலர் பூசாமலே விடுவார்கள். நீ விடாதே.

அம்மாவின் பயம் கேஸைப் பற்றி. அவளுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டில் சிலிண்டர் மேடைக்கு அடியில் நிற்கிறது. படகில் அப்படி வைக்க முடியாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் அடியில் போய்த் தேங்கும், படகின் அடியில் வெளியேற வழி கிடையாது. அதனால் தனி அறையில், வெளியே வடியும் துளையோடு வைக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் போட் சேஃப்டி பரிசோதனையில் இதைப் பார்ப்பார்கள். விறகு அடுப்புக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். குளிர்கிறதென்று காற்றுத் துளையைத் துணி வைத்து அடைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் நீயே ஒரு முறை சொல்லிவிடு. என் வாயால் கேட்டு அவளுக்குத் திருப்தி இல்லை.

மலர், நீ கிரைண்டர் பிடிக்கிற போட்டோவை ஃபேக்டரியில் கூட இருந்த நண்பர்களுக்கெல்லாம் காட்டினேன். கண்ணாடி போட்டிருந்தாய், கையுறை போட்டிருந்தாய், சக்கரத்தின் மேல் பாதுகாப்பு மூடி இருந்தது. எனக்கு அவ்வளவு நிம்மதி. பெருமையாகவும் இருந்தது. சின்ன வயசில் ஃபேக்டரி ஷாப்புக்குக் கூட்டிப் போனால் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காதே என்று உன் கண்ணைப் பொத்திப் பிடிப்பேன். இப்போது அந்த வேலைக்கு நீ ஆள் அமர்த்துகிறாய்.

யார்டில் தூக்கும் தேதி கிடைத்ததும் எழுது. நான் வருவதாக இருந்தால் படகு தயாரான பிறகு வர வேண்டாம், பிளேட் வெட்டும் வாரத்தில் வர வேண்டும். டிக்கெட்டை அதற்குத் தகுந்தாற்போல் போடலாம். அதற்குள் நீ தகட்டை உள்ளிருந்து தாங்கும் பிரேம் எங்கெங்கே வருகிறது, இடைவெளி எவ்வளவு என்று அளந்து அனுப்பினால், எந்த இடத்தில் வெட்டலாம் என்று இங்கிருந்தே கோடு போட்டு அனுப்புகிறேன். புது பிளேட்டின் ஓரம் பிரேமின் மேலேயே வந்து முட்டக் கூடாது, வெல்டு எட்டாமல் போகும். சற்றுத் தள்ளி வர வேண்டும். அதற்குத்தான் அளவு கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா