வேட்பாளர்களின் சுற்றாடல் வாக்குறுதிகளை ஒப்பிடத் தகவல் தாள் கோரும் மனு

பெறுநர்:
உதவி உள்ளூராட்சி ஆணையாளர் அவர்கள்,
கிளிநொச்சி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நாங்கள் கரைச்சிப் பிரதேச சபை எல்லைக்குள் வசிக்கும் வாக்காளர்கள். எங்களில் பலர் வயல் செய்பவர்கள்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வந்த துண்டுப்பிரசுரங்களை அடுக்கி வைத்துப் பார்த்தோம். எல்லாக் கட்சியும் காட்டைக் காக்கும், மணல் அகழ்வை நிறுத்தும், யானையைத் தடுக்கும். அப்புறம் மரக்கன்றோடு ஒரு படம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒருவரும் எழுதவில்லை.

மணல் அகழ அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். காடு வனவளத் திணைக்களத்திடம். யானை வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. இரணைமடுக் குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம், சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். சபையால் நேரடியாகச் செய்ய முடியாதவற்றைத்தான் எல்லோரும் உரத்துச் சொல்கிறார்கள். குப்பை, சந்தைக் கழிவு, இறைச்சிக்கடைக் கழிவு, வடிகால், கட்டட அனுமதி, சிறு தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம், இதற்கெல்லாம் பாதீட்டில் ஒதுக்கும் பணம் ஆகியவை சபையின் கையில் இருப்பவை. அவற்றைப் பற்றி ஒரு வரி காண்பது அரிது.

குப்பை சின்ன விஷயம் இல்லை. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி இரணைமடுவுக்கு வந்து, பிறகு சுண்டிக்குளம் களப்பில் சேர்கிறது. சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவானது. பூநாரைகள் வந்து இறங்கும் இடம். ஆற்றோரம் கொட்டும் பொலித்தீன் மாரி வெள்ளத்தோடு அங்கேதான் போகும். திறந்த குப்பைமேட்டில் உணவு தேடும் யானை பொலித்தீனையும் விழுங்கிச் சாவதை அம்பாறை பள்ளக்காட்டில் நாடே பார்த்தது. வன்னியிலும் யானை உண்டு, குப்பைமேடும் உண்டு. ஆகவே குப்பையைத் தரம்பிரிக்க எவ்வளவு ஒதுக்குவீர்கள், ஆற்றங்கரை மருதமரங்களைக் காக்க உபவிதி கொண்டுவருவீர்களா என்று கேட்டால்தான் ஒரு வேட்பாளருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

எங்கள் கோரிக்கை இதுதான். அடுத்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு கோருவதற்கு முன், மாவட்டத்தின் ஒவ்வொரு பிரதேச சபையும் இரண்டு பக்கத் தகவல் தாள் வெளியிடத் தாங்கள் பணிக்க வேண்டும். சுற்றாடல் விடயத்தில் சபைக்கு என்ன அதிகாரம் உண்டு, எது இல்லை. கழிவகற்றலுக்கு ஆண்டுதோறும் செலவானது எவ்வளவு. கழிவு எங்கே கொட்டப்படுகிறது. வழங்கிய, மறுத்த அனுமதிப்பத்திரங்கள் எத்தனை என்பவை அதில் இருந்தால் போதும். சபை, கிராம அலுவலர், கமநல நிலைய அறிவித்தல் பலகைகளில் ஒட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தனித்தனியாகவும் விண்ணப்பிக்கலாம், சரி. ஆனால் பதில் கிடைப்பது விண்ணப்பித்தவருக்குத்தான், அதுவும் தேர்தல் நெருக்கத்தில் நேரத்துக்கு வந்து சேருமா என்பது சந்தேகம்.

தாளில் கட்சியோ வேட்பாளரோ பெயர் வேண்டாம், ஆகவே நடுநிலைக்குக் குறை வராது. ஒப்பிடும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எல்லா வேட்பாளரையும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்ல அழைப்பதற்கு, தேர்தல் விதிகள் இடம் தந்தால், சபை மண்டபத்தை ஒரு மாலை கட்டணத்துக்குத் தந்தாலும் போதும்.

தங்கள் முடிவை எழுத்தில் அறியத்தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கையொப்பமிட்டுள்ள வாக்காளர்கள்

பிரதிகள்: மாவட்டச் செயலாளர், கிளிநொச்சி, செயலாளர், கரைச்சிப் பிரதேச சபை