மஸ்கட் அக்கா

அறந்தாங்கி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

வெள்ளிக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதைப் போனில் பேசினால் பிள்ளை காதில் விழும். அதனால் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். டூட்டி முடிந்து நிதானமாகப் படி.

"அவனை எதுவோ பிடிச்சிருக்கு, யாரிடமாவது காட்டும்மா" என்றாய். எதுவும் பிடிக்கவில்லை. தூதூ என்று ஒரு சிநேகிதன் இருக்கிறான், அவ்வளவுதான். கொல்லையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருக்கிறான். இட்லி சாப்பிடும்போது அவனுக்கு ஒரு விள்ளல் ஒதுக்க வேண்டும், அதுவும் சர்க்கரை தொட்டு. நேற்று நானே தூதூவுக்குத் தனியாக ஒரு சின்னத் தட்டு வைத்தேன். உன் மகன் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் மெதுவாக, "அம்மாச்சி, தூதூ நெசமா இல்ல, சும்மா" என்றான். நான் நிஜமென்று நம்பிவிட்டேனோ என்று பிள்ளைக்குக் கவலை!

தூதூவின் அம்மாவும் வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறாளாம். முந்தாநாள் மத்தியானம் எட்டிப் பார்த்தேன். டிரம்மைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, "அழுவாத தூதூ, ஒங்கம்மா லீவு போட்டு வருவாங்க" என்கிறான். ராத்திரியில் நான் அவனுக்குச் சொல்கிற அதே வார்த்தை, அதே இழுவை.

நீ பயந்ததால் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 100க்கு 65 பிள்ளைகளுக்கு இப்படி ஒரு துணை ஏதோ ஒரு சமயம் இருந்திருக்கிறது. அம்மா அப்பா பக்கத்திலேயே இருக்கிற பிள்ளைகளுக்கும் வரும். அதனால் நீ குவைத் போனதுதான் காரணம் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே. ஆனால் ஏக்கம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போர் சமயம் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் நடத்திய காப்பகத்தில், அப்பா கூட இல்லாத சின்னப் பிள்ளைகள் மனசுக்குள்ளேயே ஓர் அப்பாவைச் செய்துகொண்டார்களாம். அதைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

உனக்கு நினைவிருக்காது. 1993, உனக்கு நாலு வயது. அப்பா மஸ்கட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. வெளிநாட்டுக்குப் பேசுகிற ஐ.எஸ்.டி. பூத்தில், காசு காட்டுகிற சிவப்பு எண் ஓட ஓட எனக்குப் பேச்சே வராது. யாராவது ஊருக்கு வந்தால் அப்பா பேசிப் பதிவு செய்த கேசட் வரும். நீ அதை உடனே போட விட மாட்டாய். "மஸ்கட் அக்கா வரட்டும்" என்பாய். பாயில் பாதியை அவளுக்கு விடுவாய். அப்பாவை தினமும் பார்த்துவிட்டு வருகிறவள் அவள்.

அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு நான் உனக்குத் தாயத்துக் கட்டினேன். "இனி அந்தப் பேரை எடுத்தா வாயில சூடு வெப்பேன்" என்றும் மிரட்டினேன். நீ எடுக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி சத்தம் போடாமல் பாயின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தாய். மிச்சப் பாதி காலியாகக் கிடந்தது. பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்பதையும் அதோடு நிறுத்திவிட்டாய். அது என் தப்பு. என்னை மன்னித்துவிடு சாமி.

அதனால்தான் சொல்கிறேன், இவனை யாரிடமும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அவனாகத் தூதூ பேச்சை எடுத்தால் நீயும் பேசு, துருவாதே. "சாப்பிடலைன்னா தூதூ போயிருவான்" என்று மட்டும் வேண்டாம். எப்ப வருவே என்று கேட்டால் "நாளைக்கு" என்று சொல்லாதே. ஏப்ரல் என்றால் ஏப்ரல் என்றே சொல். உனக்கு நாலரை மணி என்றால் இங்கே ஏழு, அந்த நேரத்துக்குக் கூப்பிட்டால் அவன் தெளிவாகப் பேசுவான்.

தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கிற வேலையை அவனிடமே விட்டிருக்கிறேன். கிழித்ததைக் குப்பையில் போடுவதில்லை. டிரம்முக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சொருகுகிறான். தூதூவுக்கு எண்ணத் தெரியாதாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா