நிறையாத தொட்டி நல்ல தொட்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டட மேஸ்திரியாக இருந்தவன் நான். போன வாரம் ஒரு காதுகுத்து விருந்தில், 1998-ல் நான் வீடு கட்டிக்கொடுத்த ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "மேஸ்திரி கட்டுன செப்டிக் டேங்க் இன்னைக்கு வரைக்கும் நிறையலீங்க. ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்ல." எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தொட்டிக்கு நான் அடியில் கான்கிரீட் போடவில்லை. சுவரில் செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டேன், பூசவும் இல்லை. செலவு குறையும், அடிக்கடி நிறையாது என்று வீட்டுக்காரர் கேட்டார். நானும் சரி என்றேன். அப்படி எத்தனையோ வீடுகளுக்குக் கட்டியிருக்கிறேன். இருபத்தைந்து வருடக் கழிவு மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. மூன்று சென்ட் மனையில் அந்தக் குழிக்கும் போர் குழாய்க்கும் இருபதடிகூட இடைவெளி இல்லை. குடிநீர்க் கிணற்றிலிருந்து ஐம்பது அறுபது அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒழுங்காகக் கட்டிய தொட்டி எப்போதும் வெளியேறும் குழாய் மட்டம்வரை தண்ணீரோடுதான் நிற்கும். கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் 'T' வடிவ டீ பைப் வழியாக அடுத்த அறைக்கும், அங்கிருந்து தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் போகும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். முழுதும் கரைக்காது. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். அதன் பிறகு எத்தனை லாரி வந்தாலும் தண்ணீர் இறங்காது.

கக்கூஸில் ஆசிட்டைக் கணக்கில்லாமல் ஊற்றினால் அந்த உயிர்கள் செத்துப்போகும். நாப்கின், துணி, சமையல் எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள். சிலாப் மூடிமேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லாரி வந்து நிற்கும்போது மூடி எங்கே என்று சுத்தியலோடு தேட வேண்டியிருக்கிறது. கட்டும்போதே சுவரில் ஓர் அடையாளம் போட்டுவையுங்கள். ஏர் பைப் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

மூடியைத் திறந்தால் பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு அதிகமானால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும். முதலில் இறங்கியவர் விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும், அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? 14420 என்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டால் லாரிக்கு வழி சொல்வார்கள். வருகிற லாரிக்காரரிடம் உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். எங்கள் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் கசடு சுத்திகரிப்பு நிலையமே இருக்கிறது. பள்ளத்திலும் வாய்க்காலிலும் திறந்துவிட வேண்டிய அவசியம் இல்லை.

இளம் கொத்தனார்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் அடித்தளம் போடாமல் தொட்டி கட்டாதீர்கள். நான் சம்மதித்தேன்; அது தப்பு.

விருந்து முடிந்ததும் அந்த வீட்டுக்காரரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். பழைய குழியை லாரி வைத்துக் காலி செய்து மண் போட்டு மூடிவிட்டு, போரிலிருந்து முடிந்தவரை தள்ளி, வாசல் பக்கம் தளத்தோடு புதிதாகக் கட்டலாம், எனக்குக் கூலி வேண்டாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆடி முடியட்டும், ஆரம்பிக்கலாம் என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி,
துடியலூர், கோவை.