உன் பெயரை அதிலேயே தை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நேற்று இரவு அப்பா தூங்கிய பிறகு மறுபடியும் பார்த்தேன். முதலில் அனுப்பிய புகைப்படத்தில் உன் தங்க நூல் தையல் வேலை வெறும் மஞ்சள் துணியாகத்தான் தெரிந்தது. வீடியோவில் நீ விளக்கை இடமிருந்து வலமாக நகர்த்தினாய் பார், அப்போது தண்ணீர் அசைந்தது. நம் ஏரி. மதகுக்குப் பக்கத்தில் மாலை ஐந்தரை மணிக்கு நிற்கும் அதே வெளிச்சம். படகு, கொக்கு, தாமரை என்று எதையும் வைக்காமல் தண்ணீரை மட்டும் தைத்திருக்கிறாயே, அந்தத் துணிச்சலுக்கே உன்னை ஒரு முறை கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். கண்காட்சி நடத்துகிறவர் ஒருவர் இதைக் கைவினை வரிசையில் வைத்துக்கொள்ளலாம், அந்த வரிசைக்குப் பெயர் அட்டை தேவையில்லை என்றாராம். நீயும் சரியென்று தலையாட்டிவிட்டு, "பெயர் போட்டால்தான் என்னம்மா, போடாவிட்டால்தான் என்ன?" என்று எழுதியிருக்கிறாய். போட வேண்டும். அட்டை வைக்காவிட்டால் போகட்டும், வேலையிலேயே போடு.

உனக்கு நான்கு வயதிருக்கும்போது, நம் ஊர் அம்மன் சந்நிதிக்கு ஒரு திரை செய்தேன். சிவப்பு வெல்வெட்டில் சிங்க வாகனம். பிடரிக்கு ஜர்தோசிச் சுருளை, அந்த மெல்லிய தங்கக் கம்பிச் சுருளை, நெல்மணி அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பாசிமணி போல ஊசியில் கோத்துத் தைத்தேன். அந்தச் சுருளை அழுத்திப் பிடித்தால் நசுங்கும். இழுத்தால் கம்பியாக நீண்டுவிடும், பிறகு சுருளாகாது. உனக்கு இப்போது தெரியும், அப்போது நீ துணியை இழுத்துக் கட்டிய சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்து கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். எல்லாம் முடிந்ததும் கீழ்க்கரையில் 'உபயம்' என்று போட்டு, பணம் கொடுத்தவர் பெயரையும் அவர் பிள்ளைகள் பெயர்களையும் தங்க நூலில் நானே தைத்துக் கொடுத்தேன். உபயக்காரர் பெயர் இருக்க வேண்டியதுதான். ஆனால் அத்தனை வருடமாகத் திரை விலகும்போதெல்லாம் அந்தச் சிங்கத்தைச் செய்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

நீ முதல் வருடம் இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்துக்குப் போய்விட்டு வந்து தொலைபேசியில் சொன்னதை என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். புனித கத்பர்ட்டின் கல்லறையை 1827-இல் திறந்தபோது கிடைத்த, குருவானவர் கழுத்தில் அணியும் நீண்ட பட்டி. 909-க்கும் 916-க்கும் இடையில் தங்க நூலால் செய்தது. அதன் முனைகளில் எழுத்து இருக்கிறது: அரசி ஆல்ஃபிளாட் செய்யச் சொன்னாள், ஆயர் ஃபிரிதெஸ்தானுக்காக. கேட்டதும் எனக்கு நம் திரைதான் நினைவுக்கு வந்தது. இதுவும் உபயம்தானே! கொடுத்தவர் பெயர் இருக்கிறது, வாங்கியவர் பெயர் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டாகியும் தைத்தவள் பெயர் அதில் இல்லை.

1953-இல் எலிசபெத் அரசி முடிசூட்டிக்கொண்டு வெளியே வரும்போது அணிந்த அங்கியும் அப்படித்தான். நீ படிக்கும் அதே ஊசிவேலைப் பள்ளியைச் சேர்ந்த 12 பேர், 18 வகைத் தங்க நூல், 3,500 மணி நேரத்துக்கும் மேல். கோதுமைக் கதிரும் ஒலிவக் கிளையுமாகக் கரை முழுக்கத் தைத்தார்கள். அணிந்தவரை உலகமே அறியும். அந்தப் பன்னிரண்டு பேரை யார் கேட்டார்கள்?

இதே நோட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஏறக்குறைய எழுநூறு வருடப் பழைய தேவாலயப் பீடத் துணி. அதில் பெவர்லி ஊர்த் துறவி யோஹான்னா, 'என்னைச் செய்தாள்' என்று லத்தீனில் தைத்திருக்கிறாள். துணியே பேசுகிற மாதிரி. துறவறத்தில் எல்லாவற்றையும் விட்டவள்கூடத் தன் கைவேலையை விட்டுக்கொடுக்கவில்லை.

2020-இல் பாரிஸின் ரோதேன் அருங்காட்சியகத்தில் டியோர் நிறுவனத்தின் ஆடைக் காட்சிக்காக ஜூடி சிகாகோ என்ற ஓவியர் பெரிய பதாகைகளைத் தொங்கவிட்டாரே, அவற்றைத் தைத்தவர்கள் மும்பையில் சாணக்கியா பள்ளியில் பயின்ற பெண்கள். அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. வடக்கே தலைமுறை தலைமுறையாக ஆண்கள் உட்கார்ந்த தையல் சட்டத்தின் முன் இன்று பெண்கள் உட்காருகிறார்கள். அவர்கள் பெயரும் சேர்ந்து வெளியே வருவது எனக்குப் பெரிய ஆறுதல்.

இது கலையா, அலங்காரமா என்று கேட்கிறவர்களிடம் நீ தங்கத்தைப் பற்றிப் பேசாதே. எவ்வளவு தங்கம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தாலே அது உயர்ந்த நூல், மீதியெல்லாம் வெள்ளியும் செம்பும். தங்க நூல் துணிக்குள் நுழைந்து வருவதற்குப் பிறந்ததே இல்லை, நுழைத்தால் உரிந்துவிடும். அது மேலே படுத்திருக்கும். தேன்மெழுகு தடவிய மெல்லிய பட்டு நூல் ஒன்று கீழிருந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கீழே போகும். வியன்னா கருவூலத்தில் இருக்கும் 15-ஆம் நூற்றாண்டுத் திருப்பலி உடைகளின் படங்களை நீதானே காட்டினாய்? அவற்றில் தங்கம் எங்கும் ஒரே மாதிரி வரிவரியாகத்தான் கிடக்கிறது. பிடிக்கிற நூலை நெருக்கினால் நிழல், விலக்கினால் வெளிச்சம். ஆடையின் மடிப்பெல்லாம் அந்தச் சின்ன நூல் செய்தது. எங்கே நெருக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தீர்மானித்த கண் யாருடையதோ, படம் அவருடையது. உன் ஏரியும் அப்படித்தான் உன்னுடையது.

இனி வேலைக்கு வா. இடது ஓரத்தில் மதகின் நிழல் திரும்பும் இடத்தில் இரண்டு வரிக்கு நடுவே துணி தெரிகிறது. பிரிக்காதே, ஒருமுறை மடிந்த தங்க நூலில் தடம் போகாது. இன்னொரு இழையை மெல்ல உள்ளே படுக்க வைத்துப் பிடி. கை வியர்த்தால் அன்றைக்கு விட்டுவிடு, வெள்ளி கறுத்துவிடும். பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. முனைகளை எப்படி இறக்கிக் கட்டியிருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

பெயரைத் தமிழில் போடு. தனியாக மேலே எழுதாதே. வலது கீழ்க்கரையில் ஏற்கனவே கிடக்கும் தங்க வரிகளின் மேல், பிடிப்புத் தையலைச் சிவப்புப் பட்டில் நெருக்கி நெருக்கி எழுத்தாகக் கொண்டுவா. ஒரு எழுத்துக்கு ஒரு நாள் ஆகும், ஆகட்டும். முடித்ததும் முன்பு போலவே விளக்கை மெதுவாக நகர்த்தி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா