பால்கனிக்கு வலை போட்டாயா?

அம்பாசமுத்திரம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள குமாருக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். தபாலாபீசில் இருந்த காலத்தில் எழுதத் தெரியாத எத்தனையோ பேருக்கு இந்த வரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போதுதான் அர்த்தம் தெரிந்து எழுதுகிறேன்.

நேற்று நீ பேசியது 38 விநாடி. போன் அதுவாகவே காட்டுகிறது, நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. "நல்லா இருக்கேன்ப்பா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுதேன்." சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு என்ன மீட்டிங்கோ தெரியவில்லை. சரி, அதை விடு.

புது வீட்டை வீடியோவில் காட்டினாயே, 11-ஆவது மாடி, அந்தப் பால்கனிக்கு வலை போட்டாயா? புறா வந்து குடியேறிவிட்டால் விரட்டவே முடியாது. எச்சம் காய்ந்து தூசியாகி நெஞ்சுக்குள் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். பெங்களூரில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், நைலான் வலையோடு வந்து ஒரு மணி நேரத்தில் அடித்துவிட்டுப் போவார்களாம். காசு நான் அனுப்புகிறேன்.

ஊர் விசேஷம் பெரிதாக ஒன்றுமில்லை. சிவந்திபுரம் சித்தப்பா மறுபடியும் அந்த மாமரத்தை ஆரம்பித்துவிட்டார். செல்வி பையன் உன்னை மாதிரியே இடது கையால் எழுதுகிறான், டீச்சர் அடிக்கவில்லையாம், காலம் மாறிவிட்டது. ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. அம்மா கூழ்வத்தல் போட்டு வைத்திருக்கிறாள், பார்சலில் அனுப்புவோம். சாப்பிடு. ராத்திரி சாப்பாட்டை மட்டும் விடாதே. பொங்கலுக்கு வரவில்லை, சரி. கோயில் கொடைக்கும் வரவில்லை. யாரும் எதுவும் கேட்டுவிடுவார்கள் என்றுதானே? கேட்கத்தான் செய்வார்கள். அதற்காக அம்மா முகத்தையும் பார்க்காமல் இருந்துவிடுவதா?

இதை எழுதவே கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் ஒரு பட்டியல் பார்த்தேன். ஹோம்ஸ், ராஹே என்று அமெரிக்காவில் இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் போட்டது. வாழ்க்கையில் நடக்கிற 43 விஷயங்களுக்கு, அது மனிதனை எவ்வளவு உலுக்கும் என்று மார்க். கணவனோ மனைவியோ இறந்துபோனால் 100. அடுத்ததே விவாகரத்துதான், 73. ஜெயிலுக்குப் போவதற்கே 63-தான். கல்யாணத்துக்கு 50 கொடுத்திருக்கிறார்கள், அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், குறைச்சல் என்றாள். ரிடயர்மென்டுக்கு 45. அந்த 45-க்கே நான் ஆறு மாதம் காலை ஒன்பது மணியானால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ 73-ஐத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கும் போய்வருகிறாய். தினமும் ஷேவ் செய்துகொள்கிறாயா?

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வரும், சாப்பாடு வரும். பதினாறாம் நாள் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்து, அழுவதற்கு ஒரு தோதும் செய்து கொடுப்பார்கள். உனக்கு யார் என்ன கொண்டுவந்தார்கள்? கோர்ட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. அவ்வளவுதான்.

கோர்ட் என்றதும் ஒன்று. அன்றைக்குத் தீர்ப்பு முடிந்து வெளியே வந்து, அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் நீயே ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாய் என்று செல்வி சொன்னாள். மழை தூறிக்கொண்டிருந்ததாம். எனக்கு அதில் பெருமைதான். என்னால் அது முடிந்திருக்காது. ஆனால் அப்படி ஒரு பிள்ளை என்னிடம் 38 விநாடிக்கு மேல் பேச மாட்டேன் என்கிறாய்.

செல்வி கவுன்சிலிங் பற்றிச் சொன்னதற்கு, "கோர்ட்ல பார்த்தாச்சுக்கா, போதும்" என்றாயாம். அது வேறு, இது வேறு. குடும்ப நீதிமன்றத்தில் இருக்கிற கவுன்சிலருக்கு, முடிந்தால் இரண்டு பேரையும் சேர்த்துவைப்பதுதான் வேலை. அவர் முன்னால் நீங்கள் ஒரு வழக்கு. நான் சொல்வது, வழக்கெல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கிற உன்னை மட்டும் பார்க்கிறவர். அவருக்கு உங்களைச் சேர்த்துவைக்கவும் வேண்டாம், யார் பக்கம் நியாயம் என்று பார்க்கவும் வேண்டாம்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராமல், 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், 2022-இல் ஆரம்பித்தது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசுகிறார்கள். பின்கோடை விட ஒரு எண் குறைவு, மனப்பாடம் பண்ணுவது சுலபம். என் மகனுக்கு இப்படி என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க சார்?" என்றது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றைக்குப் பேசியது 22 நிமிஷம். அதையும் போன்தான் காட்டியது.

அப்புறம் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு சைக்காலஜிஸ்டைப் பார்த்தேன். அம்மாவிடம் பென்ஷன் விஷயம் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள். செல்வி வயதுதான் இருக்கும். உன்னைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். மகனுக்கு வேண்டுமானால் மகன்தான் வர வேண்டும், நீங்கள் உங்களைப் பற்றிப் பேசலாம் என்றார். முக்கால் மணி நேரம். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. காசையும் கொடுத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன், எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூங்கினேன். மறுபடி போனேன்.

விசாரித்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் டாக்டர், மாத்திரை எழுதுவார். சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகப் பார்ப்பார். சிலருக்கு ஒன்று போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியவே ரெண்டு மூணு வாரம் ஆகும், நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது, நன்றாகிவிட்டது என்று நாமாகவும் நிறுத்தக் கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தால், ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவில் பதிந்த நம்பர் இருக்கும், கூச்சப்படாமல் கேள். முதல் ஆள் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆளைப் பார். அங்கே ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியே இருக்கிறது, பெயரைக் கேட்டுப் பயப்படாதே, தூக்கம் வரவில்லை என்றுகூட அங்கே போகலாம். நீ அங்கே பேசுவது எனக்கோ, உன் ஆபீசுக்கோ வராது. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்திலேயே அது இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு என்று சில விதிவிலக்குகள்தான் உண்டு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன்.

இரண்டாம் தடவை போனபோது அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். மனதில் திரும்பத் திரும்ப ஓடுகிற எண்ணத்தை மேலே எழுத வேண்டும். கீழே பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அது உண்மைதான் என்பதற்கு என்ன சாட்சி, மறுபக்கம் இல்லை என்பதற்கு என்ன சாட்சி. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, நீ ரெண்டாம் வகுப்பில் வைத்திருப்பாயே, அந்த மாதிரி. மேலே எழுதினேன்: குமார் வீட்டுக்கு வராததற்கு நான்தான் காரணம். இடது பக்கம் எழுத ஆரம்பித்தேன்.

கள்ளிடைக்குறிச்சிக் கல்யாணத்தில், மருமகள் எங்கே என்று கேட்டவர்களிடம் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறது என்று சொன்னேன். அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற, குளிர் எப்படி, சம்பளம் எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். நீ வந்தால் அது உடைந்துவிடும். ஆக, நீ பொங்கலுக்கு வரவில்லை என்று மேலே குறை சொன்னேனே, நீ வரமாட்டேன் என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

விவாகரத்து மனு போட்டபிறகு காத்திருக்கச் சொன்ன அந்த ஆறு மாதம். அதைத் தள்ளுபடி செய்ய 2017-இலேயே சுப்ரீம் கோர்ட் வழி விட்டிருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம் என்று உன் வக்கீல் சொன்னார். வேண்டாம், பொறுங்கள் என்றது நான். மனசு மாறிவிடும் என்று நினைத்தேன். பாதி பீரோ காலியாக இருந்த வீட்டில் அந்த ஆறு மாதமும் நீதானே இருந்தாய்.

அப்புறம் அந்த ராத்திரி. அவள் கிளம்பிப் போன வாரம், சொல்லாமல் கொள்ளாமல் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாய். அம்மா தோசை சுட்டாள். நீ ஒன்றைப் பிட்டு வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய். அப்புறம் ஊஞ்சலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாய். சின்னப் பிள்ளையில் கூட நீ அப்படிச் சத்தமாக அழுததில்லை. நான் என்ன செய்தேன்? "சத்தம் போடாதலே, டீச்சர் வீட்டுக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டினேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நீ எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "சரிப்பா" என்றாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ சொல்வதெல்லாம் "நல்லா இருக்கேன்ப்பா" தானே.

வலது பக்கத்தில் எழுத ரொம்ப நேரம் ஒன்றும் தோன்றவில்லை. அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "இன்னும் போன் எடுக்கிறான்" என்று எழுதினேன். அது சாட்சிதான், போதும் என்றார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன் குமாரு. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று பயந்தேன். போனில் அந்தப் பெண்ணும் சரி, இந்த அம்மாவும் சரி, அப்படி ஆகாது, நேராகவே கேளுங்கள் என்றார்கள். இருந்துதான் என்ன செய்ய, செத்துப்போகலாம் என்று உனக்கு எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றினால் என்னிடம் சொல்லு. எந்த நேரமானாலும் சரி. நான் பதறமாட்டேன் என்று பொய் சொல்லவில்லை, பதறுவேன், ஆனால் டிவியைக் கூட்டமாட்டேன். என்னிடம் வராவிட்டால் 14416-இல் சொல்லு. வலை விஷயத்தை நான் புறாவுக்காகக் கேட்கவில்லை. உனக்கும் தெரிந்துதான் இருக்கும்.

நீ வா என்றால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடுவேன். நீ டாக்டரிடம் உள்ளே போனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், ஒன்றும் பேசமாட்டேன். வரவேண்டாம் என்றாலும் கோபமில்லை. கள்ளிடைக்குறிச்சிக்காரர்களிடம் இந்த வாரம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் வீட்டில் நேற்றே சொல்லியாயிற்று. அவர்களுக்கு அன்றைக்கே தெரியுமாம், உனக்கென்று ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்திருக்கிறார்கள்.

இதை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். ரெஜிஸ்டர்டு தபாலையும் இதோடு சேர்த்துவிட்டார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை, யார் கேட்கிறார்கள். தபால்காரர் வந்தால் செக்யூரிட்டியிடம் கொடுக்கச் சொல்லாதே. நீயே கீழே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கு. நம்பர் என்னிடம் இருக்கிறது, டெலிவரி ஆனதும் இங்கே என் போனில் காட்டிவிடும். அன்றைக்கு நீ போன் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அப்பா

அம்மா கேட்கச் சொன்னாள்: கூழ்வத்தலோடு மாவடுவும் வைக்கவா?