கசிவுக்கு கேஸ்கெட் மட்டும் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழாய் முனைகளில் உள்ள ஃபிளேஞ்ச் எனும் விளிம்புத் தட்டுகளை, நடுவே கேஸ்கெட் எனும் அடைப்பு வளையம் வைத்து முடுக்கிய இணைப்பு கசிந்தால் "கேஸ்கெட் மட்டம்" என்று சொல்லிப் புதியதை மாட்டுவது ஆலைகளில் வாடிக்கை. உலோக கேஸ்கெட்டில் கோளாறு பெரும்பாலும் இறுக்கிய விதத்தில்தான் இருக்கிறது.

ஆர்.டி.ஜே. (ரிங் டைப் ஜாயின்ட்) எனும் உலோக வளையம், ஃபிளேஞ்ச் முகத்தில் வெட்டிய பள்ளத்தின் சரிவுச் சுவரில் மெல்லிய கோடாகப் பதிந்துதான் அடைக்கிறது. ஆகவே வளையம் ஃபிளேஞ்சைவிட மென்மையான உலோகமாக இருக்க வேண்டும். இல்லையேல் நசுங்குவது பள்ளம். பிறகு ஃபிளேஞ்சையே கடைய வேண்டிவரும். ஒருமுறை நசுங்கிய வளையம் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள். பள்ளச் சுவரைக் குறுக்காக வெட்டும் கீறல் நகத்தில் தட்டுப்பட்டாலே அது கசிவுக்கு வழி. இன்னொன்று: முழுதாக இறுக்கிய பிறகும் ஆலைக் குழாய்களில் வழக்கமான இவ்வகை ஃபிளேஞ்ச் முகங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். இருக்கத்தான் வேண்டும். அதை மூடுகிறேன் என்று முறுக்கினால் ஸ்டட் (இரு முனையிலும் நட் மாட்டும் மரைக் கம்பி) நீண்டு கெட்டுவிடும்.

டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் கருவி) காட்டும் எண்ணை அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு. கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகப் போய்விடுகிறது. எம்20 (20 மி.மீ. விட்டமுள்ள) ஸ்டட்டை 320 நியூட்டன் மீட்டரில் இறுக்குவோம். உராய்வைக் குறிக்கும் எண்ணான நட் ஃபாக்டர் 0.2 என்றால் இழுவிசை 80 கிலோநியூட்டன். மரை துருவேறி அது 0.3 ஆனால் 53தான் கிடைக்கும். நல்ல மசகு பூசி 0.15 ஆனால் 107. ரெஞ்ச் மூன்றிலும் ஒரே எண்ணில்தான் 'கிளிக்' என்னும்! டார்க் அட்டவணை எந்த மசகுக்குப் போடப்பட்டதோ அதையே மரையிலும் நட் உட்காரும் முகத்திலும் பூச வேண்டும். எல்லா ஸ்டட்டுக்கும் ஒரே மாதிரி.

எட்டு ஸ்டட் இருந்தால், வட்டமாக எண்ணிட்டு, இறுக்கும் வரிசை 1, 5, 3, 7, 2, 6, 4, 8. முதல் சுற்று இலக்கு டார்க்கில் 30 சதவீதம், அடுத்தது 60 முதல் 70, பிறகு 100. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நான்கு திசையிலும் இடைவெளியை அளந்து, அகலமான பக்கத்தைச் சரிசெய்யுங்கள். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நட்டை இறுக்கும்போது பக்கத்து நட் தளர்ந்துவிடும். எனவே 100 சதவீதத்திலேயே, எந்த நட்டும் இனி நகராத நிலை வரும்வரை, கடிகாரச் சுற்றில் தொடர வேண்டும். வளையம் அமர அமர இதற்குப் பல சுற்றுகள் ஆகும், பொறுமை வேண்டும். குறைந்தது 4 மணி நேரம் கழித்து, அழுத்தம் ஏற்றுமுன், இன்னொரு சுற்று.

பணிக் குறிப்பில் டார்க் எண்ணோடு மசகின் பெயரையும் நான்கு இடைவெளி அளவுகளையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்தமுறை கசிந்தால் முதலில் தேடப்படுவது அந்தத் தாள்தான்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்