தம்பிக்கு, அக்கா எழுதுவது

தம்பி,

வேலை போய்விட்டது, கடன் தவணை வருகிறது என்று நேற்று போனில் சொன்னாய், ஆனால் நீ பேசியதைவிடப் பேசாமல் இருந்ததுதான் அதிகம். "சமாளிச்சுக்கலாம்க்கா" என்று மூன்று தடவை சொன்னாய், மூன்றாவது தடவை சொன்னது எனக்கு இல்லை, உனக்கே. நேரில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுகிறாயே என்று கோபித்துக்கொள்ளாதே. உன் பேரைப் போடவில்லை, உன் நிலைமையில் இருக்கும் இன்னும் நாலு பேர் படிக்கட்டும்.

உன் மாமாவுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். அடுத்த இரண்டு மாதம் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது தெரியாது. பேங்க் மெசேஜ் வந்தால் அவர் போனைக் கவிழ்த்து வைப்பார், நானும் என்ன மெசேஜ் என்று கேட்க மாட்டேன். குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டு பேருமே நம்பினோம். ஒருநாள் சின்னவள் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். மூடி உடைந்திருந்தது. ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி அவளே மாட்டியிருந்தாள். "இது போதும்மா, புதுசு வேண்டாம்" என்றாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை. எட்டு வயசு அவளுக்கு அப்போது.

அன்று ராத்திரிதான் அவளுடைய பழைய ரஃப் நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் எழுதினோம். கையில் உடனே எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு, எதை வெட்டினாலும் வெட்ட முடியாத மாதச் செலவு எவ்வளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நாலரை மாதம் வந்தது. சந்தோஷப்படுகிற கணக்கில்லைதான், ஆனால் என் மனதுக்குள் அதுவரை ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒரு மாதம்! எழுதிப் பார்க்காத பயத்துக்கு அளவே கிடையாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் நாங்கள் செய்த தப்பை நீ செய்யாதே. சத்தம் போடுகிறவர்களுக்கு முதலில் கொடுத்தோம், அது முட்டாள்தனம். இருக்கிற கூரை, சாப்பாடு, மருந்து, கரண்ட், வேலை தேட வேண்டிய போனும் இன்டர்நெட்டும், இவ்வளவும் எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை தவறுவதற்கு முன்னால் நீயே பேசிவிடு. முன்கூட்டியே சொல்கிறவனுக்குத் தவணையைத் தள்ளிப்போடவோ காலத்தை நீட்டவோ வழி கிடைக்கலாம், நாலு தவணை விட்டுவிட்டு மறைந்து திரிகிறவனுக்குக் கஷ்டம். தள்ளிப்போட்டால் வட்டி கூடும், எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்.

கிரெடிட் கார்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கத்துவேன், பொறுத்துக்கொள். மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தது இவ்வளவாவது கட்டு என்று போட்டிருக்கும் தொகையை, கட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதே. அது தாமதக் கட்டணத்திலிருந்துதான் உன்னைக் காப்பாற்றும், மீதி மேல் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும், ஒன்றும் கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் கடன் இரண்டு மடங்கு. ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொன்றை வாங்கவே வாங்காதே. அப்புறம், கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விட்டதா, அல்லது எந்தத் தேதி வரை இருக்கிறது என்று இன்றே கேள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை, உன் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது.

பெரிய முடிவு எதையும் இப்போது எடுக்காதே. சேமிப்பை மொத்தமாக எடுத்து ஒருவரோடு சேர்ந்து தொழில் செய்யப் போவதாக நேற்று ஒரு வரி சொன்னாயே, அதைத்தான் சொல்கிறேன். 2013இல் ஒரு ஆய்வு வந்தது. கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறுவடைக்கு முன்னால் கை வறண்டிருந்தபோதும், அறுவடைக்குப் பின்னால் பணம் வந்தபோதும் யோசிக்கும் திறனைச் சோதித்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் பணமில்லாத நாட்களில் மதிப்பெண் குறைந்தது. புத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை, கவலை இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் நோட்டில் எழுதச் சொல்கிறேன், தலையில் வைத்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடி ஊரே வேலையிழந்தபோது ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். நேரம்தான் நிறைய இருக்கிறதே, நிறையப் படித்திருப்பார்கள் என்று நினைப்போம். நூலகத்தில் கட்டணம் இல்லாமல் கொடுத்தும் புத்தகம் எடுப்பது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் அப்படி இல்லை, அவர்களுக்கு வீட்டு வேலை அப்படியே இருந்ததே! உன் மாமாவிடம் இதைச் சொல்லித்தான் காலையில் பிள்ளைகளைக் கிளப்பும் வேலையைக் கொடுத்தேன். முதல் வாரம் முறைத்தார். அப்புறம் ஆறு மணிக்கு எழுந்துகொள்ள அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

உன் பெண்டாட்டியிடம் முழுத் தொகையையும் சொல். பாதி சொல்லாதே. கொஞ்ச நேரம் கத்துவாள், கத்தட்டும், உன்மேல் கோபப்படவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு எது இல்லாமல் ஓட்டலாம் என்பது உன்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை தவணை தேதி என்றாய். நாளைக் காலையில் பேங்கில் பேசிவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. முடியாது என்று சொல்லிவிட்டால் அதையும் அப்படியே போடு, "சமாளிச்சுக்கலாம்க்கா" என்று மட்டும் போடாதே.

அக்கா